எர்த் ஒயர் இருந்தது, எர்த் இல்லை

கணினி சொல்கிறபடி மரம் செதுக்கும் என் சிஎன்சி ரவுட்டரில் வேலை ஆரம்பித்து 40 நிமிடம் ஆகியிருந்தது. பலகையில் கொடி வேலைப்பாடு பாதிக்கு மேல் வந்துவிட்டது. டூல் நடு இலையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது மெஷின் சட்டென்று நின்றது. டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் மட்டும் அதே இடத்தில் சுற்றி மரத்தைக் கருக்கிக்கொண்டிருந்தது. திரையில் அலாரம் 1. அச்சு ஓரத்துக்குப் போனால் மெஷினை நிறுத்தும் லிமிட் சுவிட்ச் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது என்று அர்த்தம். எட்டிப் பார்த்தால் ஸ்பிண்டிலைச் சுமந்து நகரும் கேன்ட்ரி, பெட்டின் நட்டநடுவில் நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் சுவிட்சே ஒன்றரை அடி தள்ளி.

இது மூன்றாவது பலகை. முதல் இரண்டுக்கும் தூசி மேல் பழி போட்டிருந்தேன்.

மெஷின் நானே கட்டிய மூன்று அச்சு ரவுட்டர். அலுமினிய புரொஃபைல் சட்டம், நேமா 23 ஸ்டெப்பர் மோட்டார்கள், 36 வோல்ட் பவர் சப்ளை, மூளைக்கு ஆர்டுயினோ யூனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டில் ஜிஆர்பிஎல் 1.1 என்ற மென்பொருள். இரண்டு வருடம் கையில் பிடித்து வேலை செய்யும் டிரிம் ரவுட்டரையே ஸ்பிண்டிலாக மாட்டி ஓட்டினேன். கார்பன் பிரஷ்ஷில் பொறி பறக்கும் மோட்டார் அது. ஆனாலும் ஒரு நாள்கூட அலாரம் வந்ததில்லை. அப்புறம் ஆசைப்பட்டு 2.2 கிலோவாட் தண்ணீர்க் குளிர்விப்பு ஸ்பிண்டிலும் அதை ஓட்ட ஒரு விஎஃப்டியும் (மின்சாரத்தின் அலைவரிசையை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) வாங்கி மாட்டினேன். தொல்லை அந்த வாரமே ஆரம்பித்தது. இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஆனால் புதுப் பொருள் மேல் சந்தேகப்பட மனசு வருவதில்லை.

முதலில் ஸ்பிண்டிலை ஓட்டாமல் அதே புரோகிராமைக் காற்றில் ஓடவிட்டேன். ஒரு மணி நேரம், சுத்தமாக முடிந்தது. அடுத்து அச்சுகளை நகர்த்தாமல் ஸ்பிண்டிலை மட்டும் 18,000 சுற்றில் ஓடவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது நிமிடம் அலாரம். மறுபடி போட்டேன், இரண்டாவது நிமிடம். சரி, குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது. எந்த வழியாக உள்ளே வருகிறான் என்பதுதான் தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் செய்வதை நானும் செய்தேன். $21=0 என்று அடித்து அந்த நிறுத்தத்தையே, அதாவது ஹார்ட் லிமிட்டை, அணைத்துவிட்டேன். அலாரம் நின்றது. பத்து நிமிடத்தில் யுஎஸ்பி இணைப்பே அறுந்து, மென்பொருள் போர்ட்டைக் காணவில்லை என்றது. சுவிட்ச் ஒயரில் நுழைந்த நாய்ஸ் (வேண்டாத மின் துடிப்பு) அதோடு நிற்கவில்லை, போர்டு முழுவதும் உலாவிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, அது காற்றில் ஓடிய சோதனை.

வீட்டில் ஒரு பழைய மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. இந்த வேலைக்கு அதைவிட மலிவான கருவி கிடையாது. டயலைக் கீழ்க் கோடியில், ஒரு நிலையம் சுமாராகக் கேட்கும் இடத்தில் வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றி நடந்தேன். விஎஃப்டிக்கு மின்சாரம் மட்டும் கொடுத்தபோது லேசான சீறல். ஸ்பிண்டிலை ஓட்டியதும் கூடு கலைந்த குளவி மாதிரி ஒரு ரீங்காரம். நிலையம் அதில் மூழ்கிப்போனது. ஸ்பிண்டில் கேபிள் பக்கம் அப்படிக் கத்துவது எதிர்பார்த்ததுதான். ஆனால் லிமிட் சுவிட்ச் ஒயர் பக்கமும் அதே சத்தம். யூனோவிலிருந்து லேப்டாப்புக்குப் போகும் யுஎஸ்பி ஒயரை ஒட்டி வைத்தாலும் அதே சத்தம். விஎஃப்டிக்கும் யுஎஸ்பிக்கும் நடுவே ஒன்றரை மீட்டர் தூரம் இருக்கிறது. இதை நோட்டில் எழுதிவைத்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

யோசிக்காமல் லிமிட் ஒயரில் இறங்கினேன். அங்கே என் தப்பு இருந்தது உண்மைதான். யூனோவின் இன்புட் பின்னை (ஒயர் சேரும் கால்) 5 வோல்ட்டில் இழுத்துப் பிடிக்கும் உள் புல்-அப் ரெசிஸ்டரை மட்டும் நம்பி, மூன்று மீட்டர் சாதாரண ஒயரை ஸ்பிண்டில் கேபிளோடு ஒரே டிராக் செயினில் (நகரும் ஒயர்களைத் தாங்கும் சங்கிலி) ஓட்டியிருந்தேன். அந்த உள் ரெசிஸ்டர் 20 முதல் 50 கிலோஓம் வரை எதுவாகவும் இருக்கலாம். நடுவாக 35 என்று வைத்தால், பின்னை 5 வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கும் கரண்ட் 0.14 மில்லி ஆம்பியர். நூலில் கட்டிய யானை. முதலில் வெளியே 1 கிலோஓம் புல்-அப் போட்டேன், கரண்ட் 5 மில்லி ஆம்பியர் ஆனது. பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, போர்டை ஒட்டியே, 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர். அலாரம் மூன்று நிமிடத்திலிருந்து இருபது நிமிடத்துக்குத் தள்ளிப்போனது. மகிழ்ச்சிதான், ஆனால் என் வேலைகள் இரண்டு மணி நேரம் ஓடுபவை.

அப்புறம் முழுசாகவே மாற்றினேன். சுவிட்சுகளை 24 வோல்ட்டுக்குக் கொண்டுபோய், சிக்னலை வெளிச்சமாக மட்டும் கடத்தும் பிசி817 ஆப்டோகப்ளர் வழியாக யூனோவுக்குள் விட்டேன். 2.2 கிலோஓம் தொடரில் போட்டால் ஆப்டோவின் எல்இடியில் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் ஓடும். சுவிட்சை நார்மலி குளோஸ்டு பக்கம் இணைத்தேன். எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும், தட்டினால் அறும். ஒயர் எலி கடித்து அறுந்தாலும் மெஷின் நின்றுவிடும் என்பது கூடுதல் லாபம். பின்னின் தர்க்கம் தலைகீழாகிவிடுவதால் $5=1 மாற்ற வேண்டும். இதை மறந்துவிட்டு அரை மணி நேரம் ஆப்டோவைத் திட்டிக்கொண்டிருந்தேன். புது ஒயர் ஷீல்டு (உலோக வலை உறை) உள்ளது. அதை ஸ்பிண்டில் கேபிளிலிருந்து பிரித்துச் சட்டத்தின் மறுபக்கமாக ஓட்டினேன். ஷீல்டை பேனல் (கன்ட்ரோல் பெட்டி) முனையில் மட்டும் எர்த்தில் கட்டினேன்.

அலாரம் ஒழிந்தது. யுஎஸ்பி ஒழியவில்லை. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை துண்டித்துக்கொண்டது.

ஒயருக்கு ஒன்றாக நாய்ஸைத் தடுக்கும் ஃபெரைட் கிளிப் மாட்டினேன், பிறகு இரண்டு, பிறகு எங்கே கண்டாலும். யுஎஸ்பி கேபிளை ஒரு மீட்டராகக் குறைத்தேன். விஎஃப்டியின் கேரியர் அலைவரிசையை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை மின்சாரத்தை வெட்டிக் கொடுக்கிறது என்பதை, 8 கிலோஹெர்ட்ஸிலிருந்து 4 ஆக இறக்கினேன். நாய்ஸ் கொஞ்சம் குறைந்தது, பதிலுக்கு ஸ்பிண்டில் காதைக் குடையும் விசிலடித்தது, கையில் சூடும் தெரிந்தது. 24,000 சுற்றுக்கு 400 ஹெர்ட்ஸ் கொடுக்க வேண்டிய ஸ்பிண்டிலுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு சுழற்சிக்குப் பத்தே வெட்டுகள். அலை முரடாகத்தான் இருக்கும். திரும்ப 8-க்கே போனேன். இவ்வளவையும் ஒரே சனிக்கிழமையில், ஒன்றன் மேல் ஒன்றாக. எது எவ்வளவு உதவியது என்று இன்றுவரை எனக்குக் கணக்கில்லை.

உண்மையான துப்பு தற்செயலாகக் கிடைத்தது. சார்ஜரைப் பிடுங்கி வேறு எதற்கோ எடுத்துப் போயிருந்தேன். லேப்டாப் பேட்டரியில் ஓடியது. அன்று இரண்டரை மணி நேரம் எந்தத் துண்டிப்பும் இல்லை. சார்ஜரை மாட்டினேன், பன்னிரண்டு நிமிடத்தில் போனது. பிடுங்கினேன், நன்றாக ஓடியது. சார்ஜர் மூன்று பின் வகை, எர்த் உள்ளது. அதாவது ஏதோ ஒரு கரண்ட் யூனோவுக்குள் வந்து, யுஎஸ்பி வழியாக லேப்டாப்புக்குப் போய், சார்ஜரின் எர்த் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. சார்ஜரைப் பிடுங்கும்போது அதன் பாதை அறுகிறது.

பேனல் ஒயரிங்கிலேயே ஊறிய ஓர் அண்ணன் இருக்கிறார். அவரிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"ஸ்பிண்டில் பாடிக்கு எர்த் இருக்கா தம்பி?"

"இருக்குண்ணே. நாலு கோர் ஷீல்டு கேபிள். நாலாவது கோர் எர்த்துக்கு, அதை ரெண்டு பக்கமும் நானே சால்டர் வெச்சேன்."

"போட்டது சரி. அளந்தியா?"

அளக்கவில்லை.

மெயின் சுவிட்சை அணைத்து, விஎஃப்டியின் டிஸ்பிளே அணைந்த பிறகும் பத்து நிமிடம் விட்டு, டிசி பஸ் டெர்மினல்களில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இதை யாரும் தவிர்க்க வேண்டாம். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 325 வோல்ட் வரை நிற்கும். திரை அணைந்துவிட்டது என்பதற்காக அது போய்விடாது. பூஜ்யத்துக்கு இறங்கியதும் ஸ்பிண்டில் தலையிலுள்ள நாலு பின் வட்டக் கனெக்டரைக் கழற்றினேன். மீட்டரின் ஒரு முனை ஸ்பிண்டில் பக்கத்து நாலாவது பின்னில், இன்னொரு முனை ஸ்பிண்டில் பாடியில். பீப் வரவில்லை. பாடியில் பூச்சு இருக்கும் என்று தலைமூடித் திருகின் பள்ளத்தில் அழுத்தி வைத்தேன். வரவில்லை. ஓம் ரேஞ்சில் வைத்தேன், ஓபன், இணைப்பே இல்லை.

தலைமூடியின் நாலு திருகுகளைக் கழற்றித் தூக்கினேன். உள்ளே 1, 2, 3 பின்களில் அழகாக ஒயர் பற்றவைத்து டியூப் போட்டிருந்தார்கள். நாலாவது பின் மொட்டையாக, பளபளவென்று, ஈயம் தொட்ட தடமே இல்லாமல் நின்றது. நான் இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துச் சால்டர் வைத்த எர்த் ஒயர், ஸ்பிண்டில் வாசல் வரை வந்து வெளியிலேயே நின்றுவிட்டது. இந்த வகை ஸ்பிண்டில்களில் இது அபூர்வம் இல்லை என்று அண்ணன் பிறகு சொன்னார். அவர் புதுசாக எது வந்தாலும் முதலில் இதைத்தான் அளப்பாராம்.

அப்படியானால் இவ்வளவு நாள் அந்தக் கரண்ட் எந்த வழியாகப் போனது? அதற்கும் பதில் கண் முன்னாலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இசட் அச்சின் உயரத்தைப் பிடிக்க, டூல் தொட்டதும் சிக்னல் தரும் டச் பிளேட் வைத்திருக்கிறேன். அதில் இரண்டு ஒயர். ஒன்று தட்டுக்கு, இன்னொன்று முதலைக் கிளிப்போடு டூலில் மாட்ட. ஒவ்வொரு தடவையும் கிளிப் மாட்டச் சோம்பல்பட்டு, புது ஸ்பிண்டில் வந்த அன்றே கிளிப்பை வெட்டிப்போட்டு, ஒயரில் லக் (உலோக வளையம்) அடித்து ஸ்பிண்டில் தலையின் ஒரு திருகில் நிரந்தரமாக முறுக்கிவிட்டேன். அந்த ஒயரின் மறுமுனை யூனோவின் கிரவுண்ட். பழைய டிரிம் ரவுட்டர் பிளாஸ்டிக் உடம்பு, அதில் கிளிப்பை டூலில் மாட்டிக் கழற்றியே ஆக வேண்டும்.

ஆக, ஸ்பிண்டிலின் இரும்பு உடம்புக்கு இருந்த ஒரே உலோகப் பாதை, பென்சில் முனை தடிமன்கூட இல்லாத அந்த டச் பிளேட் ஒயர். எர்த் ஒயரின் வேலையை அதன் தலையில் கட்டியிருந்தேன்.

இங்கே எத்தனை கரண்ட் பேசுகிறோம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. விஎஃப்டி மோட்டாருக்கு வழவழப்பான சைன் அலையை அனுப்புவதில்லை. யூ, வி, டபிள்யூ மூன்று ஒயரையும் டிசி பஸ்ஸின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை தட்டித்தட்டிவிடுகிறது. ஒரு தட்டு 300 வோல்ட், அது நடந்து முடிய மைக்ரோவிநாடியில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் சுருளுக்கும் உடம்புக்கும் நடுவே காப்புதான் இருக்கிறது. ஆனால் இரண்டு உலோகம், நடுவில் காப்பு என்றால் அது ஒரு கெபாசிட்டர். அது வெறும் 1 நானோஃபாரட் இருந்தால்கூட, கெபாசிட்டன்ஸ் பெருக்கல் வோல்ட், வகுத்தல் நேரம்: 3 ஆம்பியர். நொடிப்பொழுதில் வந்து போகும் துடிப்புதான், ஆனாலும் 3 ஆம்பியர். அது 0.14 மில்லி ஆம்பியரில் பிடித்து நிற்கும் ஒரு பின்னுக்குப் பக்கத்தில், அதே கிரவுண்ட் வழியாகப் போகிறது. யூனோ அவ்வளவு நாள் ஓடியதே அதன் பெருந்தன்மை.

அந்தக் கரண்டை அழிக்க முடியாது. அது விஎஃப்டியிலிருந்து புறப்பட்டது, விஎஃப்டிக்குத் திரும்பியே தீரும். வீட்டுக்குப் போகக் குறுக்கு வழி இருந்தால் அதில் போகும். இல்லாவிட்டால் நம் யூனோ, யுஎஸ்பி, லேப்டாப், சுவர் சாக்கெட் என்று ஊரைச் சுற்றிப் போகும். நான் ஃபெரைட் மாட்டி மாட்டி, போக வேறு வழியே இல்லாத ஒருவனை வாசலில் மறித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரிசெய்தது ஒரு மாலை வேலை. தலைமூடிக்குள் ஒரு திருகின் கீழ்ப் பூச்சைச் சுரண்டி, வளைய லக் கிரிம்ப் செய்த 1.5 சதுர மில்லிமீட்டர் பச்சை மஞ்சள் ஒயரை முறுக்கி, மறுமுனையை நாலாவது பின்னில் சால்டர் வைத்தேன். இடம் ரொம்பக் குறுகல். லக்கின் வால் மூன்றாவது பின்னைத் தொட்டுவிடப் போனது. ஷ்ரிங்க் டியூப் போட்டு வளைத்து, மூடியை ஒரு முறை வைத்துக் கழற்றி, எங்கேயும் நசுங்கவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கடைசியாக முறுக்கினேன். விஎஃப்டி முனையின் எர்த் டெர்மினலிலிருந்து ஸ்பிண்டில் பாடி வரை அளந்தபோது, மீட்டர் ஒயரின் சொந்த ஓமைக் கழித்தால் 0.1 ஓம். முதல் மூன்று பின்களிலிருந்து பாடிக்கு ஓபன். இரண்டையும் அளக்காமல் கனெக்டரை மாட்டக் கூடாது. நாய்ஸை விடுங்கள், உள்ளே காப்பு உரிந்திருந்தால் முந்நூறு வோல்ட் என் கை படும் இடத்தில் வந்து நின்றிருக்கும், எந்த ஃபியூஸும் போயிருக்காது. அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் குளிர்கிறது.

கேபிள் ஷீல்டையும் அதோடு திருத்தினேன். முன்பு ஷீல்டைப் பிரித்து முறுக்கி, பதினைந்து சென்டிமீட்டர் வால் விட்டு எர்த் டெர்மினலில் செருகியிருந்தேன். மெதுவான கரண்டுக்கு அது ஒயர். இவ்வளவு வேகமான துடிப்புக்கு அந்த வாலே ஒரு சுருள் மாதிரி எதிர்த்து நிற்கும். வாலை வெட்டிவிட்டு, கேபிளின் வெளியுறையை மூன்று சென்டிமீட்டர் உரித்து, ஷீல்டைச் சுற்றிலும் கவ்வுகிற மாதிரி ஒரு உலோகக் கிளாம்ப்பைப் போட்டு, விஎஃப்டியை ஒட்டி பேனல் தட்டில் இறுக்கினேன். தட்டில் பெயின்ட் இருந்தது. கிளாம்ப் உட்காரும் இடத்தையும் விஎஃப்டியின் கால்கள் உட்காரும் இடத்தையும் உப்புத்தாள் போட்டு வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, துருப்பிடிக்காமல் இருக்க ஓரமாகக் கிரீஸ் தடவினேன். மோட்டார் முனையில் ஷீல்டு கனெக்டரின் உலோக ஓட்டோடு சேர்ந்தது. சிக்னல் ஒயருக்கு ஒரு முனை, மோட்டார் கேபிளுக்கு இரு முனையும். அலுமினிய புரொஃபைலின் அனடைஸ் பூச்சும் காப்புதான் என்பதால், சட்டத்தின் ஒவ்வொரு நகரும் பகுதிக்கும் பல் வாஷர் போட்டுத் தனி எர்த் ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் பேனலில் ஒரே போல்ட்டில் சேர்த்தேன்.

டச் பிளேட்டுக்கு மறுபடி முதலைக் கிளிப். இப்போது அதன் கொக்கி ஸ்பிண்டில் ஸ்டார்ட் பட்டனுக்கு நேர் முன்னால் இருக்கிறது. கிளிப் கொக்கியில் இல்லை என்றால் பட்டனை அழுத்தப் போகும் கைக்கே தெரியும்.

சார்ஜர் மாட்டிய நிலையில் 24,000 சுற்றில் இரண்டு மணி நேரம் காற்றில் ஓடவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. இந்த முறை அவசரப்படாமல், முன்பு மாட்டியதை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். ஃபெரைட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தேன், ஒரு வித்தியாசமும் இல்லை. நீளமான பழைய யுஎஸ்பி கேபிளைப் போட்டேன், ஓடியது. ஆப்டோவைத் தவிர்த்துவிட்டு 1 கிலோஓம் புல்-அப்பில் மட்டும் ஒரு மணி நேரம், அதுவும் ஓடியது. ஆப்டோவையும் நார்மலி குளோஸ்டையும் திரும்ப வைத்துக்கொண்டேன், அவை எப்படியும் இருக்க வேண்டியவை. ஃபெரைட்டுகள் டப்பாவில் கிடக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன்.

நண்பரிடம் மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப் வாங்கி லிமிட் பின்னைப் பார்த்தேன். முதலில் 2 வோல்ட் ஈட்டிகள் தெரிந்து பகீரென்றது. அப்புறம் புரோபின் முனையை அதன் சொந்த கிரவுண்ட் கிளிப்பிலேயே தொட்டு வைத்தேன். அப்போதும் அதே 2 வோல்ட். கிளிப் ஒயரின் வளையமே ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருந்தது. கிளிப்பைக் கழற்றிவிட்டு முனையோடு வரும் சின்ன ஸ்பிரிங்கைப் போட்டதும் சில நூறு மில்லிவோல்ட்டாக அடங்கியது. ஸ்கோப்பை நம்பி முன்பே இறங்கியிருந்தால் இல்லாத பேயை இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருப்பேன்.

ஒரே ஒரு அலாரம் மட்டும் பாக்கி இருந்தது. தூசி உறிஞ்சியை அணைக்கும் நொடியில், பத்து முறைக்கு ஒரு முறை. அது வேறு கதை. உறிஞ்சியை இயக்கும் 24 வோல்ட் ரிலேயின் காயிலுக்குக் குறுக்கே டயோடு போட மறந்திருந்தேன். 1என்4007 ஒன்று, கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். முடிந்தது.

கருகிய பலகையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுப் பலகை வைத்து அதே கொடியை ஓடவிட்டேன். நடு இலை வரும்போது ரேடியோவை எடுத்து யுஎஸ்பி ஒயர் மேல் வைத்தேன். பின்னணியில் லேசாகச் சீறல் இருந்தது. அதற்கு மேலே ஒரு பெண் குரல் நிதானமாகச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது.